லெகசிக்கு மாற்றாதே

டாக்டர் ஐயா, என் எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தாறு வயதில் கற்றது. கற்றுக்கொடுத்தது என் மனைவி ரத்னா. எழுதுவதென்றால் உள்ளதை எழுது என்பாள். அவளுக்கு மறதி எப்போது ஆரம்பித்தது என்று எழுதிவரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

தி.நகரில் பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் கடையில் எங்கள் இருவருக்கும் வேலை. நான் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்குபவன். ரத்னா பெருக்க வந்தவள். பார்த்துப் பார்த்தே லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றக் கற்றுக்கொண்டாள். முதலாளி டெரிக் அவளுக்குச் சுழல் நாற்காலி வாங்கிப் போட்டார். "ரத்னா கை வெச்சா செத்த பொட்டியும் எழுந்துக்கும்" என்பார். அவள் சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

மேஜைக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: 'யூஇஎஃப்ஐயில் ஏற்றியதை லெகசிக்கு மாற்றாதே. மாற்றினால் எழாது.' லேப்டாப் எந்த வழியில் கண்விழிக்க வேண்டும் என்கிற அமைப்பாம் அது. யார் துணையும் இல்லாமல் நானாகப் படித்த முதல் வரி அதுதான்.

பட்டினப்பாக்கம் தாண்டும்போது வண்டியை ஓரங்கட்டி, ஏதாவது ஒரு லேப்டாப்பைத் திறந்து லெகசிக்கு மாற்றிவைப்பேன். எதையும் உடைக்கவில்லை, அழிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அது எழாது. ரத்னா ஏற்றியது சரியில்லை என்று கடைக்குத் திரும்பி வரும்.

"கண்ணால பாத்துகினேதான்யா வெச்சேன்," என்றாள்.

"மறந்திருப்பே. வயசாவுதில்ல?"

"ரெண்டு தபா பாத்தேன்யா."

"அப்போ லேப்டாப்பு பொய் சொல்லுதா?"

அதன்பிறகு அவள் ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்துவைத்தாள். அவள் குளிக்கும்போது அந்தப் படங்களை அழித்தேன். "எடுத்தேனே" என்று தேடிக்கொண்டே இருந்தாள். கேஸ் அடுப்பை நானே திறந்துவிட்டு, அவள் மறந்ததாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவைதான்.

டெரிக் அவளை வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார். அந்தச் சுழல் நாற்காலியைக் கடை மாடியில் தூக்கிப் போட்டது நான்தான். கனமே இல்லை.

ஆக, ஐயா, ரத்னாவுக்கு மறதி இருந்ததே இல்லை. ஆனாலும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அட்டையில் இருக்கும் பெயரை இப்போது நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். தன் கண்ணை அவள் நம்புவதில்லை. படித்து முடித்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கிறாள். அது டெரிக்குக்குக் கிடைக்காத சிரிப்பு.