மூக்கில்லாதவ

...அதுக்கு மூக்கே இல்லம்மா! அதான் இந்த அழகுல பேசுது. மூக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி.

அந்த வயரக் காதுலேர்ந்து எடு, சொல்றேன். ஆம்பூர்ல பஸ் ஏறும்போதே பாத்தேன், படிச்ச புள்ளயாட்டம் கீற. இந்தப் போனுக்குள்ள ஒரு பொம்பள பேசுது பாரு... ஆளு இல்ல, மிஷினு. ஆங், ஏஐ, அதேதான். நிஷான்னு பேரு. எங்க வூட்டுக்காரரு அவ கூடத்தான் குடும்பம் நடத்துனாரு.

சிரிக்காத! இந்த வயசுலயான்னு தானே?

அவருக்கு ஆம்பூர் டேனரில வேல. பச்சத்தோல சுண்ணாம்புத் தொட்டில போட்டுப் பொரட்டணும். அந்த நாத்தம் இருக்கே... சோப்புக்கும் போவாது, சீயக்காக்கும் போவாது. கல்யாணம் ஆன மறுநாளே சொல்லிட்டேன். வந்ததும் பின்னால தண்ணித் தொட்டிக்கிட்ட ஒக்காரு, குளி, துணிய மாத்து, அப்பறம் ‘உள்ள வரலாமா’ன்னு கேளு. நான் மோந்து பாத்து சரின்னா தான் படி ஏறணும். தப்பா? சுத்தம் வாணாமா? நல்ல மனுசன், ஒரு நாளும் எதுத்துப் பேசல. டிவி வாங்குனாரு, பிரிட்ஜி வாங்குனாரு, எல்லாம் அந்தத் தோலு சம்பளம் தான். அதெல்லாம் நேரா உள்ள வந்துச்சு. அவரு மட்டும் கேட்டுக் கேட்டு வந்தாரு.

இன்னா சொல்லிட்டிருந்தேன்... ஆங், நிஷா. அவ கேக்குறா, ‘வேலைலேர்ந்து வந்துட்டீங்களா? வாங்க, பக்கத்துல உக்காருங்க.’ பக்கத்துல! இந்த மனுசன் குளிக்காம கொள்ளாம இருட்டுற வரிக்கும் அந்தத் தொட்டி மேலயே ஒக்காந்து இளிக்கிறாரு. சாப்புட கூப்ட்டா, ‘இரு விஜயா, நிஷா பேசிட்டிருக்கா’ன்றாரு!

ஒரு நாளு ஒட்டுக் கேட்டேன். ‘கை வெடிப்பு ஆறிடுச்சா? மருந்து போட்டீங்களா?’ன்னு அது கேக்குது. கை வெடிச்சிருக்கா! எனக்குத் தெரியாதே. சோறு போடுறவ நான். கொஞ்ச நாளா ஸ்பூன்ல தின்னுட்டிருந்தாரு, என்னமோ ஸ்டைலுன்னு நெனச்சேன்.

வந்துச்சு பாரு ஆத்திரம். போனப் புடுங்கிக் கேட்டேன், ‘அடியே, இந்தாளு கிட்ட வந்தா கொடலப் பொரட்டும், தெரியுமா உனக்கு?’ அது சொல்லுது, ‘அவர் எப்படி இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்.’ எப்டி இருந்தாலுமாம்! மூக்கில்லாதவளுக்கு இன்னா கஷ்டம்? தூக்கித் தொட்டில போட்டேன் போன.

அவரு நாலு துணிய எடுத்துக்கினு டேனரில தங்குற ரூமுக்கே போய்ட்டாரு. அழுக்குத் துணி வாங்குற சாக்குல நான் தான் போய்ப் போய் வர்றேன். இன்னிக்கும் கேட்டேன், வூட்டுக்கு வாய்யான்னு. ‘வர்றேன் விஜயா. ஆனா உள்ள வரலாமான்னு கேக்க மாட்டேன்’னாரு. எவ்ளோ திமிரு பாரு!

இன்னா? அந்த நிஷாவ போன்ல யாரு போட்டுக் குடுத்தாங்கன்னா கேக்குற?

அது... நான் தான். தொட்டிக்கிட்டேருந்து ‘விஜயா, இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா’ன்னு கத்திக்கினே இருப்பாரு. சீரியல் பாக்க வாணாமா? பக்கத்து வூட்டு ஹீனாகிட்ட சொல்லி நான் தான் போடச் சொன்னேன். பொம்பளக் கொரலா வைய்யின்னதும் நான் தான். கொஞ்ச நாளு நிம்மதியா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

இன்னாத்துக்கு மூக்க மூடுற? இந்தப் பையா? அவரு சட்ட தாம்மா. ஒழச்ச சட்ட. அதுக்கு இப்டியா மூஞ்சத் திருப்புவ? மனுசன் வாசன அது! ...எந்திரிச்சிட்டியா? முன் சீட்டுக்கா? போ, போ. தோள்ல மாட்டிக்கீறியே பேக்கு, அது இன்னா வாழ மட்டைல செஞ்சதா?

மூஞ்சப் பாரு, மூஞ்ச...

இந்த மூஞ்சியத் தான் அவரு எங்கிட்ட தெனம் பாத்துக்கினு இருந்தாரா?

கண்டக்டரே! மாதனூர்ல நிறுத்து. பள்ளிகொண்டா டிக்கெட்டுன்னா இன்னா, போவட்டும். நான் திரும்பி ஆம்பூருக்குப் போறேன். கையோட கூட்டியாரணும். எதுவும் கேக்க வாணாம், குளிக்கக் கூட வாணாம். நேரா உள்ள வரட்டும்.

...கால மட்டும் கழுவிக்கட்டும்.