பதினோராம் அத்தியாயம் வரை

ஒரு நாவலை ஒருவருக்குச் சிபாரிசு செய்வது, வரன் பார்த்துச் சொல்வது மாதிரி. ஒத்துப்போனால் சொன்னவனை யாரும் நினைப்பதில்லை. ஒத்துப்போகாவிட்டால் காலமெல்லாம் அவன் தலைதான் உருளும். ஆனாலும் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, இன்ஸ்பெக்டர் ஐயா. நீங்கள் கேட்டதற்குப் பதில் வரும். முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவரைப்பேட்டை கம்பித் தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளார்க். பெயர் மணவாளன், வீடு பொன்னேரி. மாலை பாசஞ்சர் என்றைக்குமே நேரத்துக்கு வந்ததில்லை. அந்தத் தாமதத்தில்தான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் எங்கள் வாசகர் கூட்டம் கூடும். எதைப் படிக்கலாம் என்று நான் சொல்வேன். எனக்கு ஒரே கொள்கை. நாவலில் ஊர் இருக்க வேண்டும். புத்தகத்தை மூடிய பிறகும் அந்த ஊரின் புழுக்கம் முதுகில் கசகசக்க வேண்டும். காதலையும் கண்ணீரையும் எவனும் எழுதிவிடுவான்.

பள்ளிக்கூடத்து விக்டோரியா டீச்சர் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைத் தாண்டாதவர். கரிசல் காட்டையும் தேயிலை மலையையும் அவருக்குக் காட்டியவன் நான். ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் தானியேல், புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, “சார் சொன்னா கண்ண மூடிக்கினு படிக்கலாம்” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் தினமும் வேலைக்கே போனேன் என்று எழுதிக்கொண்டாலும் சரி.

அங்கேதான் துளசிராமன் வந்து சேர்ந்தான். எங்கள் தொழிற்சாலை ஃபிட்டர், திருநின்றவூர்க்காரன். நல்லவன், நான் மறுக்கவில்லை. அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாவலைப் படித்ததும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்கே கிளம்பிவிடுவான். திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் தீர்ப்புச் சொல்வான்.

“இன்னா சார், கோயிலுக்குப் பின்னால ஆறு ஓடுதுன்னு எழுதிக்கீறாரு. நான் போய்ப் பாத்தேன். ஆறு முன்னாலதான் ஓடுது.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாவலில் பனந்தோப்பு பொய் என்றான். அதற்கடுத்ததில் சந்தை கூடும் கிழமை தப்பு என்றான். அவன் சொன்னதெல்லாம் உண்மை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

ஒரு நாள் விக்டோரியா டீச்சரிடம் புது நாவல் ஒன்றை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

“துளசிராமன் போய்ப் பாத்துட்டு வரட்டும் சார். அப்பறமா படிக்கிறேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். நாவலை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

அதன் பிறகுதான் பிழையே இல்லாத ஒரு நாவலைத் தேடினேன். கிடைத்தது. பழவேற்காட்டு ஏரியைப் பற்றியது, எழுதியவர் அந்தக் கரையிலேயே பிறந்தவர். முதல் பதினோரு அத்தியாயமும் கோடைக்காலம். ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும். கதாநாயகன் முழங்கால் தண்ணீரில் அக்கரைக்கு நடந்து போவான். பன்னிரண்டாவதில் மழை வரும், மணல் உடையும், அதே இடத்தில் அவன் தம்பியை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும்.

அப்போது ஐப்பசி மாதம். பிளாட்பாரத்தில் இறால் விற்கிற குப்பாயி பழவேற்காட்டுக்காரி. அவளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

“பேஞ்ச மழைல மொகத்துவாரம் ஒடைச்சிக்கினு பூட்ச்சி நைனா. எங்க ஆளுங்களே எறங்கறதில்ல” என்றாள்.

எங்கள் வீடு சைவம். இருந்தாலும் சும்மா கேட்டேன் என்று இருக்கக் கூடாதே என்று ஒரு கூறு இறால் வாங்கித் தானியேலிடம் கொடுத்தேன். மறுநாள் துளசிராமனிடம் நாவலைக் கொடுத்தேன்.

“பதினோராம் அத்தியாயம் வரிக்கும் படிப்பா. மூடி வெச்சிட்டு ஊரப் போய்ப் பாரு. மிச்சத்த வந்து படி. இத அப்படித்தான் படிக்கணும்.”

அப்படியே செய்தான். எந்த எழுத்தாளரையும் நம்பாதவன் என்னை நம்பினான். என் சிபாரிசுக்குக் கிடைத்த கடைசி மரியாதை அது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். அவன்தான் கூப்பிட்டான். முகத்துவாரத்தின் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான்.

“இஸ்துக்கினு போவுதே சார்.”

“பொஸ்தகத்துல மொழங்கால்னுதானே போட்டுக்கீது. தப்பா இருந்தா வந்து சொல்லு.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இன்னொரு தப்பு கிடைக்கப்போகிறது என்று நினைத்திருப்பான். நனையக் கூடாது என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினான்.

நான் அவனைத் தொடவில்லை. தள்ளவில்லை. ஒரு நாவலைப் படிக்கச் சொன்னேன், படிக்கும் முறையைச் சொன்னேன். இதற்கு எந்தச் சட்டப் பிரிவைப் போடப்போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தபோது நான் மடியில் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னார்களாமே, அது உண்மை. ஏன் கத்தவில்லை என்று கேட்கிறீர்கள். பயந்து போய் வாயடைத்துவிட்டேன் என்று நான் சொன்னால் உங்களுக்கும் எழுதச் சுலபம். ஆனால் நான் பயப்படவில்லை.

பன்னிரண்டாம் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் முதலில் ஆளை வடக்கே தள்ளும், ஒரு சுற்றுச் சுற்றும், அதன் பிறகே கடலுக்குள் கொண்டுபோகும் என்று எழுதியிருக்கிறார். அவன் கை வடக்கே தெரிந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தெரியவில்லை. ஒரு வார்த்தை பிசகவில்லை, ஐயா.

விக்டோரியா டீச்சரைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த நாவலை அவர் தைரியமாகப் படிக்கலாம். நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.