குடிலுக்குத் தீவு மணல்

வேம்பாரிலிருந்து தூத்துக்குடி போகும் பேருந்து. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். எனக்கு முன்சீட்டில் ஒரு மீனவரும் அவர் மனைவியும்.

“ஏளா, குடில்ல பாலனுக்குக் கீழ நீ கொட்டுத தீவு மணலு இருக்குல்லா, அது கிளிமீன் பேண்டதாம். நம்ம வள்ளத்துல வந்த ஆராய்ச்சிக்காரரு சொன்னாரு.”

கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“ஐயோ மாதாவே! அதுலயா படுக்கவச்சேன்?”

“மாட்டுத் தொழுவத்துல பொறந்தவரு, ஒண்ணும் சொல்லமாட்டாரு. கடல் சூட்டுல பவளப்பாறை வெளுத்துச் சாவுதுல்லா, அதுல பாசி புடிக்குது. மீனு பாசியோட கல்லையும் கரண்டித் தின்னுட்டு மணலாப் போடுது. இப்பம் நெறைய கெடக்கும். கல்லு தீந்துட்டுன்னா மணலும் கெடையாது, தீவும் கெடையாது.”

அந்த அம்மாள் சன்னல் வழியே கடலைப் பார்த்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார்.

“அப்பம் இந்தத் தடவ ரெண்டு சாக்கா அள்ளிட்டு வாங்க.”