துருக்கறை இல்லாத சுவர்

குன்னூரில் ஐப்பசி பிறந்துவிட்டால் துணி காயாது, ஐயா. ஈரப் புடவையை ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாத வீடு இங்கே இல்லை. ராஜகுமாரி டீச்சரும் அதைத்தான் செய்தார். தீப்பிடித்தது புடவையில், என் வயரிங்கில் அல்ல. உங்கள் தீ விபத்து விசாரணை அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

பிராங்ளின் செய்த வேலை என்றால் இந்த மலையில் தனி மதிப்பு. ரசமட்டம் வைத்து வயர் ஓட்டுகிறவன் நான். முடித்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவேன். சுவரில் வயரைப் பிடித்து நிற்கும் என் கிளிப் வரிசையைப் பார்த்தால் வெலிங்டன் சிப்பாய்களே வெட்கப்படுவார்கள்.

டீச்சரின் கணவர் அதே வெலிங்டனில் தீயணைப்புப் பிரிவில் இருந்து காலமானவர். அவர் சொன்னதெல்லாம் டீச்சருக்கு வேதவாக்கு. வீட்டுக்கு வயரிங் செய்ய என்னைக் கூப்பிட்டபோது, கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெட்டி இரும்புக் கிளிப் வரவழைத்து என் கையில் கொடுத்தார்.

“ஏனுங்க பிராங்ளின், பிளாஸ்டிக் கிளிப்பு சூட்டுல இளகிருமுங்க. வயரெல்லாம் வலையாட்டம் தொங்கி, ஓடறவங்கள சிக்க வெச்சுரும்னு எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாரு. நடைவழியிலயும் வாசக்கதவு மேலயுமாச்சும் இதையே அடிங்க.”

“அப்படியே செஞ்சர்றேனுங்க டீச்சர்” என்றேன்.

டீச்சர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த மூடுபனியில் இரும்பு இரண்டு மழைக்காலம்தான் தாங்கும். பிறகு ஒவ்வொரு கிளிப்பிலிருந்தும் பழுப்பாக ஒரு கோடு வழியும். வெள்ளைச் சுவரில் அதைப் பார்க்கிறவர்கள் யார் செய்த வேலை என்றுதான் கேட்பார்கள், இரும்பு வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்கமாட்டார்கள். அதனால் பிளாஸ்டிக் கிளிப்களுக்கு வெள்ளி பெயிண்ட் பூசி, காயவைத்து அடித்தேன். டீச்சர் அண்ணாந்து பார்த்து, “இப்பத்தானுங்க மனசுக்கு நிம்மதி” என்று காபி போட்டுக் கொடுத்தார். ஒருவருக்கு நிம்மதி கொடுப்பது குற்றம் என்று எனக்குத் தெரியாது.

தீப்பிடித்த அன்று மதியம் அவர் முதலில் பக்கெட் தண்ணீரை ஊற்றி அணைக்கப் பார்த்திருக்கிறார். மரக்கூரை பற்றிக்கொண்ட பிறகுதான் நடைவழிக்கு ஓடி வந்தார். ட்ரிப்பர் விழுந்து கரண்ட் அதற்கு முன்பே நின்றுவிட்டது. அதுவும் என் வேலைதான், ஒருவரும் பாராட்டவில்லை. வாசல் கதவைத் திறந்தும்விட்டார். அதற்குள் கிளிப்கள் இளகி, வயர் மொத்தமும் இறங்கி, தோளிலும் கழுத்திலும் சுற்றிக்கொண்டது. வாசற்படிக்கு இரண்டடிதான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்துப் பார்த்தார்களாம். நான் நல்ல வயர்தான் போடுவேன், இழுத்தால் அறுந்து வராது.

அடக்கத்துக்குப் போனேன், அழுதேன். அது நடிப்பில்லை. கிளிப்பை மாற்றியது நான்தான், தெரிந்தேதான் மாற்றினேன், எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் வேலையில் அப்படி ஒரு பேச்சு இதுவரை வந்ததில்லை.

டீச்சர் கொடுத்த இரும்புக் கிளிப்கள் எங்கே என்று கேட்டீர்கள். அவை என் வீட்டு நடைவழியில், கதவு நிலைகளுக்கு மேலே இருக்கின்றன. இப்போதே துரு வழிந்து சுவர் அசிங்கமாகிவிட்டது. பிளாஸ்டிக் மாட்டிவிடலாமே என்று என் மனைவி லோயிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளைகள் நடமாடுகிற வீடு, விளையாட்டா என்று நான்தான் அதட்டி வைத்தேன்.