மொய்யில எழுதுங்க, ஒரு லட்சம்

ஏண்ணே பேனாவை மூடுறீங்க? எழுதுங்க. தங்கப்பாண்டி, ஒத்தக்கடை, ஒரு லட்சம். ரொக்கம் எங்கயா? அந்தா, பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு வாசல்ல எல்லாருக்கும் கும்பிடு போடுறாருல்ல, மாப்ளயோட அப்பா முத்துப்பாண்டி, அவருகிட்டயே இருக்கு. எனக்குத் தர வேண்டிய கமிஷன். அதைத்தான் மொய்யா எழுதச் சொல்றேன்.

பின்னாடி ஆளு நிக்கிறாங்கன்னா நிக்கட்டும். அந்த மனுசன் வாசல்ல நான் நின்னதுக்கு இதெல்லாம் ஒரு நிப்பா?

எனக்கு இடம் வாங்கி விக்கிற புரோக்கர் தொழில்ணே. கே.கே. நகர்ல வாடகை வீட்ல கெடந்தவருக்கு மேலூர் ரோட்டுல இடம் காட்டுனது யாரு? நான். பொண்ணோட அப்பா இருக்காருல்ல, பேயாண்டியண்ணே, அவரு இடம். அறுபது லட்சத்துல ஒத்தக்கால்ல நின்னாரு. கால்ல விழுகாத குறையாப் பேசி அம்பதுக்கு எறக்குனேன். வில்லங்கம் பாத்து, பட்டா பாத்து, அளந்து கல்லு ஊனி, முன்னாடி நிக்கிற வேம்பை வெட்டாம வீட்டைக் கட்டுங்கங்கிற வரைக்கும் சொல்லிக் குடுத்தேன்.

அட்வான்ஸ் கைமாறுன அன்னிக்குத்தான் பிடிச்சது சனியன். பேயாண்டியண்ணே மக காப்பித் தட்டோட வந்துச்சு. முத்துப்பாண்டி சம்சாரம் காப்பியவா பாத்துச்சு? தட்டப் பிடிச்ச கையில கெடந்த வளையலைப் பாத்துச்சு. அம்புட்டுத்தான். மறுவாரம் அட்வான்ஸ் திரும்பிப் போச்சு. கிரயம் வேணாமாம். இடம் இப்பப் பொண்ணுக்குச் சீராம்!

கேக்காம இருப்பனா? முத்துப்பாண்டிகிட்டப் போயிக் கேட்டேன். இடம் முடிஞ்சாத்தானப்பா கமிஷன், எங்க முடிஞ்சுச்சு, நாங்கதான் வாங்கவே இல்லையேங்கிறாரு. இந்தப் பக்கம் பேயாண்டியண்ணே, நான் என்ன வித்தேனா, மகளுக்குல்ல குடுத்தேங்கிறாரு. ரெண்டு பேரும் சம்பந்தியாயிட்டாங்க. நடுவுல அலைஞ்சவன் நாயாயிட்டேன். எழுதி வாங்கலையான்னு கேக்காதீங்க, எங்க தொழில்ல வாய்ச்சொல்லுதான் பத்திரம்.

அதான் மொய் மேசைக்கு வந்தேன். இதுல ஏறிருச்சுன்னா, நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்கு அவரு திருப்பிச் செஞ்சே ஆகணும். கமிஷனை முழுங்கலாம்ணே. நம்ம ஊருல மொய்ய எவனாச்சும் முழுங்கிட்டு வெள்ளை வேட்டி கட்டித் திரிய முடியுமா?

சாப்பிட்டுப் போகவா? அந்தச் சோறு எனக்குத் தொண்டையில எறங்குமா? பேச்சை மாத்தாதீங்க.

சரி விடுங்க. ரொக்கம் இல்லாம எழுத மாட்டீங்க. உங்களையும் சொல்லிக் குத்தமில்ல, உக்கார வச்ச எடத்துல உக்காந்திருக்கீங்க. இந்தாங்க, ஆயிரத்தொண்ணு. நல்லா எண்ணிக்கங்க. எம்பேரு வேணாம், அதை அடிச்சுருங்க. பவதாரிணின்னு போடுங்க. எம்மக. அவ கல்யாணத்துக்கு அவரே வந்து செய்யட்டும், மேடையேறி அவ கையில குடுக்கட்டும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? இந்தப் பையனுக்கு மொதல்ல பேசுனது அவளைத்தான். மொதல்ல இடம் முடியட்டும் தங்கப்பாண்டி, பெறகு புள்ளைக பேச்சை முடிச்சுக்குவோம்னாரு. எம்மக வாழப் போற இடம்னுதான நாயா அலைஞ்சேன்? அவளையும் ஒருநா வண்டியில கூட்டிப் போயிக் காட்டுனேன்.

அந்த வேம்பை வெட்ட வேணாம்ப்பான்னு சொன்னது அவதான்.