ஓட்டை விழாத படம்

எனக்குச் சீக்கிரம் எழுந்துவிடும் பழக்கம். காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் விழுகிற வெயில்தான் முகத்துக்கு நல்லது. அதற்குப் பிறகு எடுத்தால் எல்லோருக்கும் மூக்கு நீண்டுவிடும். உங்கள் மூக்கைச் சொல்லவில்லை ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கூப்பிட்டதும் வந்துவிட்டேன், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். தேநீர் நன்றாக இருந்தது.

நிவாரண அலுவலகத்தில் படம் எடுப்பவன் நான். இரண்டு வருடமாக மழை ஏமாற்றி, கிராமங்களில் அடுப்பு எரியாத நேரம். ஜீப்பில் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து அனுப்புவேன். பத்திரிகையில் பார்க்கிறவர்கள் மனம் இளகி, லாரி லாரியாகத் தானியம் அனுப்புவார்கள். இதைவிடப் புண்ணியமான வேலை இருக்கிறதா, சொல்லுங்கள்.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் யாராவது சிரித்துவிட்டால் அது ஆகாது. காகிதத்தில் ஓட்டை போடுகிற மெஷினால் அந்த நெகட்டிவில் ஓர் ஓட்டை போட்டுவிட வேண்டும். அப்புறம் அது தப்பித்தவறியும் அச்சுக்குப் போகாது. சிரிக்கிறவனுக்கு யார் தானியம் தருவார்கள் என்பார் எங்கள் மேலாளர். நியாயம்தானே.

கிணறு வெட்டுகிற ஒருவர் வீட்டுக்கு முதலில் போனபோது அவர் வேலை தேடி வெளியூர் போயிருந்தார். மனைவியும் ஐந்து வயது மகளும் மட்டும் இருந்தார்கள். அம்மா மகளை ‘வாலு’ என்றுதான் கூப்பிட்டாள். பொருத்தமான பெயர். நான் கேமராவைத் தூக்கினால் போதும், பல்லைக் காட்டும். ஒரு கேள்வி கேட்டது பாருங்கள்.

“மாமா, இந்தப் பொட்டிக்குள்ள போனா உள்ள சோறு போடுவாங்களா?”

விழுந்து விழுந்து சிரித்தேன். எனக்கு அந்தப் பிள்ளையை மிகவும் பிடித்துப்போயிற்று. பதினோரு படம் எடுத்தேன், பதினொன்றிலும் சிரிப்பு. தங்கிய அறையிலேயே பிலிமைக் கழுவிப் பதினோரு ஓட்டை போட்டேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போனேன். வாலு கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. முகம் சுருங்கி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் கேமராவைத் தூக்கினேன். ஆனால் வானம் மூடிக்கிடந்தது. பெய்யாத மேகத்துக்கு வெயிலை மறைக்க மட்டும் தெரியும்.

“ரெண்டு நாளா காய்ச்சல்ணே. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்னு இருக்கேன்” என்றாள் அம்மா.

“வெயில் வரட்டும்மா. இந்த ஒரு படம் சரியா வந்தா ஊருக்கே லாரி வரும். அதுவரைக்கும் அப்படியே இருங்க” என்றேன்.

‘அப்படியே இருங்க’ என்பதை நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வோம். அரை நொடிக்குத்தான் அது. அவள் நாள்கணக்காக எடுத்துக்கொண்டாள். மறுநாள் போனால் அதே நிலை, அதே பாவாடை. தலையாவது வாரிவிடட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாரவேண்டாம் என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவ்வளவு ஒத்துழைக்கிற குடும்பம் கிடைப்பது அபூர்வம் ஐயா.

மூன்றாம் நாள் காலை நான் சாலைத் திருப்பத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மருத்துவ வண்டி வந்தது. நர்ஸம்மா இறங்கி, காய்ச்சல்காரர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கேட்டவர் தங்கமான மனுஷி. காட்டினால் உடனே ஊசி போட்டு, பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் வெயில் வந்து எனக்கு என்ன லாபம்?

“இங்க எல்லாரும் நல்லா இருக்காங்க சிஸ்டர். அடுத்த ஊர்லதான் மோசம்” என்றேன்.

நன்றி சொல்லிவிட்டுப் போனார். வண்டி திரும்பும்போது மேகம் விலகி, கிளம்பிய புழுதியில் வெயில் இறங்கியது. பொன்னாக மின்னியது. விடமுடியுமா? ஒன்று எடுத்தேன். பிறகு ஓடினேன்.

வாலு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டது.

“மாமா, சிரிக்கலாமா?”

“இப்ப வேண்டாம்டா கண்ணு.”

நல்ல பிள்ளை. சிரிக்கவில்லை.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்க்காதவர்கள் இல்லை. அறுபது லாரி வந்தது. எத்தனையோ பிள்ளைகள் இன்று ஓடியாடுகிறார்கள் என்றால் அந்த ஒரு படத்தால்தான். படம் எடுத்த அன்று சாயங்காலமே வாலு போய்விட்டது. நான் நிஜமாகவே அழுதேன்.

போன வாரம் அம்மா அலுவலகத்துக்கு வந்தாள். பெரிதாக அச்சுப் போட்டுச் சட்டம் மாட்டி வைத்திருந்த படத்தை ஆசையாக எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“இது வேண்டாம்ணே. அவ சிரிச்சது ஒண்ணு இருந்தா குடுங்க.”

மனம் கேட்கவில்லை. பெட்டியைக் கிளறி, பதினொன்றையும் அச்சுப் போட்டேன். நான் வேலையில் சுத்தமானவன், பதினொன்றிலும் ஓட்டை நட்ட நடு முகத்தில் விழுந்திருந்தது. பாவாடை இருக்கிறது, கை கால் இருக்கிறது, முகத்தில் ஒரு கறுப்பு வட்டம். அவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இன்னொரு பிலிமில் இருக்குமோ என்று கேட்டாள். கடைசி நாள் எடுத்ததை எல்லாம் அச்சுப் போட்டு முன்னால் பரப்பினேன். மகளின் படத்துக்குப் பக்கத்தில் புழுதிப் படம் இருந்தது. வண்டியின் பின்கதவில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“மருத்துவ வண்டியா? இது எப்பண்ணே வந்துச்சு?”

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை ஐயா. உங்களிடம் சொன்னதைத்தான் அவளிடமும் சொன்னேன். அவள் நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்திருக்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அந்தப் புழுதிப் படத்துக்கு அன்றைக்கே ஓர் ஓட்டை போட்டிருக்க வேண்டும். அழகாக வந்திருந்தது, மனசு வரவில்லை. என் தப்பு அது ஒன்றுதான்.