பேர் சொல்லாத குரல்

தவராசா: இன்னொருக்காப் போடு.

ஜெயரூபி: விடியத் தொடக்கம் உதுதான் ஓடுது. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

தவராசா: போடெண்டுறன்... நிப்பாட்டு, நிப்பாட்டு! "எங்கட கரை" எண்டு சொல்ல முதல் ஒரு மூச்சு இழுக்குது, கேட்டனியோ?

ஜெயரூபி: ஓம். கோவம் வந்தா நீங்கள் இழுக்கிற மூச்சு.

தவராசா: தொண்டையில ஒப்பரேசன் செய்ய முதல் இருந்த என்ர குரல், ரூபி. நான் இஞ்ச கதிரையில இருந்து குசுகுசுக்கிறன். அது நேற்று மீனவர் சங்கத்து வட்ஸ்அப்பில வந்து சல்லி ஊர் முழுக்கக் கத்துது!

ஜெயரூபி: சல்லி மட்டுமே? அங்கால கட்டைபறிச்சான் வரைக்கும் போயிட்டுதாம். மீன் சந்தையில யாவாரி ஸெய்னுதீன் நானா போனைக் காதோட வைச்சுக்கொண்டு அழுதவராம்.

தவராசா: அவருமோ? என்ர குரல் போனது தெரிஞ்ச மனுசனெல்லோ...

ஜெயரூபி: அதுதான் அழுதவர். சுகம் வந்திட்டுது எண்டு நினைச்சுப்போட்டார்.

தவராசா: என்ர வாயால வராத கதை. ஆனா அதில ஒரு பொய்யும் இல்லை. வள்ளம் இழுத்து வைக்கிற மண்ணை ஹோட்டலுக்குக் குடுத்தா, வள்ளத்தைத் தலையிலயோ வைக்கிறது எண்டு கேக்குது! நான் நல்லா இருந்தாலும் உப்பிடிக் கேட்டிருக்க மாட்டன்.

ஜெயரூபி: கேட்டிருப்பியள்.

தவராசா: எங்க... ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு கூட்டத்துக்கும் போகேல்ல. சங்கத் தலைவர் எண்டு பேருக்குத்தான் இருக்கிறன்.

ஜெயரூபி: ஹோட்டல்காரர் மட்டும் என்ன? அவை காட்டுற படமும் கொம்பியூட்டர் செய்ததுதானே. எங்கட கடற்கரையாம். சனம் சிரிச்சுக்கொண்டு கை காட்டுது. தேடிப் பாத்தனான், ஒரு வள்ளம் இல்லை.

தவராசா: நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பாத்தனான். என்ன வடிவு! அம்மன் கோயில் கூட மினுங்குது. எனக்கே அங்க போய் இருக்கோணும் போல கிடந்துது... பிறகுதான் நினைச்சன், நான் அங்கதானே இருக்கிறன் எண்டு.

ஜெயரூபி: பக்கத்து வீட்டுத் தர்சன்ர கலியாணத்திலயும் உப்பிடித்தான், செத்த தகப்பன் திரையில வந்து பாட்டுப் படிச்சாரே. சனம் சாப்பாட்டை விட்டிட்டு நிண்டு பாத்தது.

தவராசா: நீயும் கருவாடு விக்க போனில ஒரு பொம்பிளைக் குரல் செய்து விட்டனி.

ஜெயரூபி: அதுக்குப் பிறகுதான் கொழும்பில இருந்து ஓடர் வருது.

தவராசா: ம்... கருவாட்டுக்கு மட்டும்தானே செய்தனி?

ஜெயரூபி: ...கருவாட்டுக்குத்தான்.

தவராசா: செயலாளர் சஞ்சீவன் வந்திட்டுப் போறான். பின்னேரக் கூட்டத்தில ஹோட்டல் பக்கத்தார் "குரல் பொய், தலைவர் வந்து சொல்லட்டும்" எண்டு நிக்கப்போகினமாம். நான் போகாட்டி கரை போச்சு. போய் இந்தக் குசுகுசுப்பில வாயைத் திறந்தா, அந்தக் குரல் என்ரை இல்லையெண்டு தெரிஞ்சு கள்ளன் எண்டுவினம்.

ஜெயரூபி: அப்ப... போக மாட்டியளோ?

தவராசா: முதல் நீ ஒண்டு சொல்லு. நான் ஆருக்கும் குரல் அனுப்பினா என்னெண்டு துவங்குவன்?

ஜெயரூபி: ...வணக்கம் எண்டு.

தவராசா: பொய். "தவராசா கதைக்கிறன்." நடுக்கடலில நிண்டாலும் அப்பிடித்தான், உனக்கு எடுத்தாலும் அப்பிடித்தான். நீயே சிரிக்கிறனி. இந்தக் குரலில மூச்சு இருக்கு, கோவம் இருக்கு, செருமலும் இருக்கு. பேரைத்தான் காணேல்ல.

ஜெயரூபி: செய்த ஆக்கள் மறந்திருப்பினம்.

தவராசா: ஓ... கலியாணம் கட்டின நாள் தொடக்கம் என்ர பேரைச் சொல்லாத ஒராள் மறந்திருப்பா. ஆசுப்பத்திரியில பேர் கேட்டவைக்கு என்ர ஐடென்ரிக் காட்டை நீட்டினவ. குரல் செய்யப் போனில என்ர பேரை எழுதக்கூட விரல் வரேல்லப் போல.

ஜெயரூபி: ...எப்ப கண்டுபிடிச்சனீங்கள்?

தவராசா: முதல் தரம் கேக்கேக்கயே.

ஜெயரூபி: பிறகேன் திருப்பித் திருப்பிப் போடச் சொன்னனீங்கள்?

தவராசா: என்ர குரல் எனக்கும் ஆசையாத்தானே கிடக்கு, ரூபி.

ஜெயரூபி: நானும் அதுக்குத்தான்... கூட்டத்துக்கெண்டு துவங்கேல்ல. குசினிக் கதவைச் சாத்திப்போட்டு, உங்கட பழைய குரலைப் போனுக்குக் குடுத்து, "ரூபி, தேத்தண்ணி கொண்டா" எண்டு சொல்ல வைச்சுப் பாத்தனான்.

தவராசா: சொன்னதோ?

ஜெயரூபி: சொன்னது... நான் எழும்பித் தேத்தண்ணியை ஊத்திப்போட்டன்.

தவராசா: விசரி... அழாத. போட்டுக்கொண்டு போக என்ர சேட்டை எடுத்துத் தா. போவம்.

ஜெயரூபி: மைக்கை வாயோட ஒட்டிப் பிடியுங்கோ. சனம் சத்தம் போடாமக் கேக்கும்.

தவராசா: அது கேக்கும். ஆனா அந்தக் குரல் ஆர் எண்டு கேட்டா? என்னத்தைச் சொல்லுறது?

ஜெயரூபி: நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். முதல் நான் மைக்கில சொல்லுறன். நேற்றுக் கதைச்சது போன், செய்தது நான். இப்பக் கதைக்கப் போறது... தவராசா.